ஆறாம் வகுப்புக்குத் திரும்பி வந்தவங்க

நீங்க என்னத்த எதிர்பாத்து உக்காந்திருக்கியன்னு உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. பள்ளிக்கூடத்துக் கதைன்னு சொன்னதும் ஒரு கணக்கு வாத்தியாரு, கையில பெரம்பு, வெளிய முள்ளு உள்ள பலாச்சொளை. ஒரு ஏழைப் பையன், தெருவிளக்குல படிச்சு, கலெக்டராகி, கார்ல வந்து இறங்கி, வாத்தியாரு கால்ல விழ, அவரு கண்ணாடியக் கழத்தித் தொடைக்க, நீங்களும் முந்தானையத் தேட. அதான வேணும்? அது நம்மகிட்ட இல்ல. சீவலங்கோட்டையில தெருவிளக்கு எரிஞ்சால்லா ஒருத்தன் அதுக்குக் கீழ உக்காந்து படிக்கதுக்கு. அப்ப பேய்க் கதையா இருக்கும்னு நாலு பேரு பின்னால தள்ளி உக்காருதிய. அதுவும் இல்ல. பேயின்னா இருட்டுனப் பொறவு வரும். இது காலையில, நல்ல வெயில்ல, தலையில எண்ணெ வச்சு வகிடெடுத்து, பிரேயருக்கு நேரத்துக்கு வந்தது.

சீவலங்கோட்டை அரசு மேல்நிலைப் பள்ளி நூத்தி இருபத்தஞ்சு வருசத்துப் பள்ளிக்கூடம். சுண்ணாம்பும் கருப்பட்டியும் கலந்து கட்டுன சுவரு, இன்னைக்கும் அதுல ஆணி அடிச்சா ஆணிதான் வளையும். அப்படி வளைஞ்ச ஆணியில ஹாலுக்குள்ள நாலு போட்டோ தொங்குது. ஒண்ணு, ஹைகோர்ட்டுல ஜட்ஜா இருந்து ரிட்டயரான அருணாசலவடிவு. ரெண்டாவது, அமெரிக்காவுல இருதயத்தக் கீறி ஒட்டுத டாக்டர் செல்வகனி. மூணாவது, இந்தியா டீமுக்கு வாலிபால் ஆடுன காசிம் மைதீன். நாலாவது, சினிமாவுல கதாநாயகிக்கு அப்பாவா வந்து, இடைவேளைக்கு முன்னால கல்யாணத்த எதித்து, இடைவேளைக்குப் பொறவு நெஞ்சப் பிடிச்சுக்கிட்டுச் சாயுத நடிகர் பரமசிவன். நாலு பேரும் உசுரோட இருக்கையிலயே நாலு போட்டோவுக்கும் சந்தன மாலை. ஒரு தடவ ஜட்ஜ் வீட்டம்மா வந்து பாத்துட்டு, மயக்கம் வந்து உக்காந்து, தண்ணி குடிச்சு, "இதக் கழத்தப்படாதா"ன்னு மெதுவாக் கேட்டதுக்கு, "மரியாதைக்குப் போட்டதும்மா, கழத்துனா அவமரியாதையாயிரும்"னு சொல்லி அனுப்பிவச்ச ஊரு நம்ம ஊரு.

அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியை உலகம்மா டீச்சர். அங்கயே படிச்சு, அங்கயே கணக்கு டீச்சரா வந்து, அங்கயே தலை நரைச்சு, அடுத்த வருசம் ரிட்டயராகப் போறாவ. வீட்டுக்காரரு தவறிட்டாரு, மவன் பெங்களூர்ல. பள்ளிக்கூடம்தான் அவியளுக்கு வீடு, வீடு சும்மா ராத்திரி தங்குத எடம். அந்த வருசம் ஆறாம் வகுப்புல ஒரு பிள்ளையும் சேரல. மேல் வகுப்புகள்ல அங்கொண்ணு இங்கொண்ணு உக்காந்திருக்கு, ஆறுல பெஞ்சு மட்டும் உக்காந்திருக்கு. டீச்சர் கொட்டு அடிக்க ஆளு வச்சு, கையில நோட்டீஸோட வீடு வீடா ஏறி இறங்குனாவ.

"ஏ பூரணம், பேத்திய எங்கட்டி சேத்திருக்க?"

"அத ஏன் கேக்கிய டீச்சர், நம்ம பள்ளிக்கூடம் மாதிரி வருமா? நான் படிச்ச பள்ளிக்கூடம்லா. ஜட்ஜ் படிச்ச பள்ளிக்கூடம்லா. டாக்டரம்மா படிச்ச பள்ளிக்கூடம்லா. நேத்துகூட இவர்கிட்ட சொல்லுதேன், நம்ம பள்ளிக்கூடத்துச் சுவரப் பாத்தாலே படிப்பு வந்துரும்னு" அப்படின்னு சொல்லிக்கிட்டு இருக்கையிலயே மஞ்சக் கலர் வேன் வந்து ஆரன் அடிக்கும், பூரணம் பேச்ச அப்படியே அந்தரத்துல நிறுத்திட்டு, சாப்பாட்டுக் கூடையையும் பேத்தியையும் தூக்கிக்கிட்டு ஓடும். எல்லா வாசல்லயும் இதே பெருமை, எல்லா வாசல்லயும் இதே வேன்.

கல்வி அதிகாரி நல்ல மனுசன், ஆனா சட்டம் சட்டம்னாரு. "டீச்சர், ஆண்டு விழாவுக்கு நானே வாரேன். அதுக்குள்ள ஆறாம் வகுப்புக்கு ஒரு பிள்ளை, ஒரே ஒரு புதுப்பிள்ளை காட்டுங்க. இல்லன்னா பாயச் சுருட்டுத மாதிரிதான். இந்த வருசம் ஆறு, அடுத்த வருசம் ஏழு, கீழ இருந்து சுருட்டிக்கிட்டே வந்து கடைசில கேட்டப் பூட்டிருவாங்க."

இது நடந்து அடுத்த திங்கக்கிழமை பிரேயர்ல, ஆளே இல்லாத ஆறாம் வகுப்பு வரிசையில அஞ்சு பிள்ளைங்க நின்னாங்க.

காக்கி டவுசருக்கு அரணாக் கொடியில முடிச்சுப் போட்ட ஒருத்தன். ரெட்டைச் சடையும் பாவாடையுமா ஒரு பிள்ளை. முழங்காலே முக்காவாசி ஒசரம் இருக்குத ஒருத்தன். வாழ்த்துப் பாட்டுக்கு வாய மட்டும் அசைச்சு, பாடுத மாதிரியே முகத்துல பாவம் காட்டுத ஒருத்தன். கடைசில, ஊதா டவுசர் போட்டு, மஞ்சப்பையக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஒருத்தன். கிளார்க் தங்கதுரை போயி மொத ஆள விசாரிச்சாரு.

"பேரு என்னல?"

"அருணாசலவடிவு சார்."

"அப்பா?"

"ஜவுளிக்கடை ஆத்தியப்பன் சார்."

தங்கதுரை ஹாலுக்குள்ள போயி, போட்டோவுல காதுக்குக் கீழ இருக்குத மருவப் பாத்துட்டு வந்து, இந்தப் பையன் காதுக்குக் கீழயும் பாத்துட்டு, டீச்சர்கிட்ட வந்து குரலத் தாழ்த்தி, "டீச்சர், ஜட்ஜ் ஐயா வந்திருக்காவ. சேர் எடுத்துப் போடவா, பெஞ்சுலயே உக்காரட்டுமா?"ன்னாரு.

டீச்சர் யோசிச்சாவ. "ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு எதுக்குய்யா சேரு. பெஞ்சுல உக்காரட்டும். மதியத்துக்கு அஞ்சு முட்டை கூட வேகவைக்கச் சொல்லும்."

அம்புட்டுதான். ரெட்டைச் சடை டாக்டர் செல்வகனி, நெட்டைக்கால் காசிம் மைதீன், வாயசைச்சது பரமசிவன். அஞ்சாவது பையன் சுயம்புன்னு சொன்னான், அப்பா ஐயம்பெருமாள்னான், கரையடித் தெருன்னான். கரையடித் தெரு பைபாஸ் ரோட்டுக்குக் கீழ போயி ரொம்ப வருசமாச்சு, அங்க இருந்த சனம் எங்கெங்கயோ சிதறிப் போயிட்டு. அப்படி ஒரு பேர்ல எந்தப் பெரிய மனுசனும் ஊருக்கு ஞாபகத்துல இல்ல.

சாயங்காலம் நீண்ட மணி அடிச்சதும் அதுங்க அதது வீட்டுக்குப் போச்சு. ஜட்ஜ் பிறந்த வீட்டுல இப்ப பேங்கு இருக்கு. பையன் நேரா உள்ள போயி, பைய மாட்ட ஆணி தேடி, மேனேஜர் நாற்காலிக்குப் பின்னால தூங்கப் போயிட்டான். மேனேஜர் வடநாட்டுக்காரரு, அவருக்கு இந்த ஊர்ல எதுதான் புரிஞ்சுது, இது புரியதுக்கு. சாவிய வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டுப் போயிட்டாரு. செல்வகனி வீடு கல்யாண மண்டபமாயிட்டு. அந்தப் பிள்ளை பொண்ணு ரூம்லயே தங்கி, தினமும் ஒரு கல்யாணத்துல சாப்பிட்டு, எல்லா போட்டோவுலயும் மணப்பொண்ணுக்குப் பக்கத்துல நின்னுச்சு. பொண்ணு வீட்டுக்காரவிய அது மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைன்னும், மாப்பிள்ளை வீட்டுக்காரவிய அது பொண்ணு வீட்டுப் பிள்ளைன்னும் நெனைச்சுக்கிட்டாவ. காசிமும் பரமசிவனும் சொந்தக்காரங்க வீட்டுல. சுயம்பு மட்டும் பைபாஸ் ரோட்டு நடுவுல அரளிச்செடி வச்சிருக்குதாங்கள்லா, அதுக்குப் பக்கத்துல போயி, வீடு இருந்த எடத்தப் பாத்துக்கிட்டு, லாரி மேல லாரி போக, மஞ்சப்பையோட நின்னான். டீச்சர் ஆட்டோவ நிறுத்தி, "ஏறுல"ன்னு தன் வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாவ.

ஊரு சும்மா இருக்குமா? வளந்து பெரிய ஆளா இருக்குத நாலு பேருக்கும் ஆளுக்கொரு போனு போட்டுச்சு. ஜட்ஜ் வீடியோவுல வந்து, மூக்குக் கண்ணாடிக்கு மேல பாத்து, "அவன ஐஸ் திங்க விடாதீங்க, அந்த வருசந்தான் எனக்குத் தொண்டை வீங்குச்சு"ன்னு தீர்ப்பு மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாரு. டாக்டரம்மா, "இந்த வருசம் அவளுக்கு அம்மை வரும், ஊசி போட்டு விடுங்க, முகத்துல தழும்பு விழாம இருக்கட்டும்"னு சொல்லி, அவிய முகத்துல இருக்குத தழும்பத் தொட்டுக்கிட்டாவ. நடிகர், "என் சின்ன வயசு சீனுக்குப் பிள்ளை தேடிக்கிட்டே இருக்காங்க, இவன அனுப்பினா சம்பளம் வீட்டுக்குள்ளயே நிக்கும்லா"ன்னு கேட்டாரு. காசிம் மைதீன் மட்டும், "முட்டி நல்லா இருக்காடே? குதிக்கானா?"ன்னாரு. "குதிக்கான் பாய், குதிக்கான்." "குதிக்கட்டும். நல்லாக் குதிக்கட்டும்"னு வச்சிட்டாரு.

கேள்விப்பட்டு அதிகாரி ஜீப்புல வந்தாரு. அவரும் ஆச்சரியப்படல, ஆனா கட்டைவிரல் மிசின் கொண்டாரச் சொன்னாரு. இ-சேவை மையம் பேச்சித்தாய் மிசினத் தூக்கிக்கிட்டு வந்து, ஒவ்வொரு பிள்ளையா விரல வைக்கச் சொல்ல, சின்ன அருணாசலவடிவு விரல் வச்சதும் ஓய்வு பெற்ற நீதியரசர்னு மெட்ராஸ் அட்ரஸ் வருது, பரமசிவனுக்குப் பரமசிவன் வாராரு. சுயம்பு விரலுக்கு மட்டும் மிசின் சுத்திக்கிட்டே இருந்துட்டு, பொருந்தலைன்னுட்டு. கழுவி வச்சான், தொடைச்சு வச்சான், வேற விரல வச்சான். "யாரோடயும் சேரல டீச்சர்"ன்னா பேச்சித்தாய்.

அதிகாரி டீச்சரத் தனியாக் கூப்பிட்டாரு. "பாருங்க. ஒரே ஆள ரெண்டு எடத்துல எண்ண முடியாது. இந்த நாலு பேரையும் நாடு ஏற்கெனவே எண்ணிட்டு. ஆனா இந்தப் பையன் யாருன்னு தெரியல. தெரியாத வரைக்கும் அவன் புதுப்பிள்ளைதான். விழா மேடையில வச்சுச் சேத்துக்கிடுதேன், பள்ளிக்கூடம் பொழைச்சிரும். அதுக்கு முன்னால எவனாவது வந்து 'இவன எனக்குத் தெரியும், இன்னாரு'ன்னு சொல்லிட்டான்னு வைங்க, என் கையில ஒண்ணும் இல்ல."

அன்னைலருந்து டீச்சருக்கு ஒரே வேண்டுதல்தான். சுயம்பு யாருன்னு யாருக்கும் தெரிஞ்சிரக் கூடாது.

ஊருக்கோ அது யாருன்னு தெரியாம சோறு இறங்கல. விரலே பொருந்தலன்னா சாதாரண ஆளா இருப்பானா? "ரகசிய போலீசுல பெரிய ஆளா இருப்பாருவே, அதான் கவர்மெண்டே மறைச்சு வச்சிருக்கு." "போலீசு என்னவே போலீசு, ராக்கெட்டு. ராக்கெட்டு விடுதவியளத்தான் இப்படி மூடி வைப்பாங்க." ஒருத்தன் போன்ல தேடித் தேடி கனடாவுல ஒரு சுயம்புவக் கண்டுபிடிச்சுப் பேச, அவரு பாவம், நாகர்கோவில் பக்கத்துக்காரரு, "தம்பி, நான் அந்தச் சுயம்பு இல்ல, ஆனா உங்க ஊருக்காரவிய இவ்வளவு மரியாதையாப் பேசுதியளே, தினமும் கூப்பிடுங்க"ன்னாரு. ஹாலுல அஞ்சாவதா ஒரு ஆணி அடிச்சு, அதையும் வளைச்சு, வெறும் மாலைய மாட்டி வச்சாங்க, போட்டோ பொறவு வரட்டும்னு. தெருவுல சுயம்பு போனா பெரியவிய எழுந்திரிச்சு நின்னாவ. அவன் பின்னால யாரோ வாராவ போலன்னு திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போனான்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால டீச்சர் அவனுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தாவ. வகுத்தல் அவனுக்கு வராது. வராதுன்னா சுத்தமா வராது. மீதிய எங்க வைக்கணும்னு தெரியாம, அதக் கையில வச்சிருக்க மாதிரியே முழிப்பான், சட்டைக் காலர வாயில வச்சுக் கடிச்சுக் கடிச்சு ஈரமாக்கிருவான். முப்பது பிள்ளைங்க, நாப்பது பிள்ளைங்கன்னு வச்சு ஓடுன காலத்துல, வராத பிள்ளைக்கு டீச்சர்கிட்ட ஏது நேரம். இப்ப ஒரே பிள்ளை, சாயங்காலம் பூரா நேரம். புளியங்கொட்டையப் பரப்பி, "இந்தா, அஞ்சு பேரு, ஆளுக்கு எத்தனை? மிச்சம் நிக்கதுக்குப் பயப்படாத, அது தப்பில்ல, அது மீதி"ன்னு, திரும்பத் திரும்ப, குரல் ஒசராம. ஒரு நாள் அவனாவே ஒரு கணக்கப் போட்டு, மீதியச் சரியான எடத்துல வச்சு, நிமிந்து பாத்தான். டீச்சர் அன்னைக்கு ரெண்டு தோசை கூடப் போட்டாவ.

அந்தக் காலர் கடிக்குதத மட்டும் எங்கயோ பாத்த மாதிரி இருக்கும். எங்கயோ, ஒரு வாசப்படிக்குப் பக்கத்துல, ஒரு அம்மா சேலைக்குப் பின்னால நின்னு இதே காலர இதே மாதிரி. அதுக்கு மேல நெனைப்பு போறதுக்குள்ள டீச்சர் எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிருவாவ. எத்தனை பிள்ளை, எத்தனை காலரு. விழா முடியட்டும், அப்பறம் நெனைச்சுக்கிடுவோம். எதையாவது தேடி வெளிய எடுக்கது கஷ்டம்னு சொல்லுவாங்க, உள்ள போட்டு வச்சிருக்கது அதவிடக் கஷ்டம். அடுப்படியில நின்னுக்கிட்டே தெரியாத பையன் தெரியாத பையன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிடுவாவ.

விழா வந்துச்சு. பந்தலு, வாழைமரம், கொட்டு, பஜார் வரைக்கும் வரிசையாக் குழாய் ஸ்பீக்கரு. போட்டோவுல உள்ள நாலு பேரும் நேர்லயே வந்துட்டாவ. முன் வரிசையில சின்னது நாலும், மேடையில பெருசு நாலும், ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாத்து ஒரே மாதிரி மூக்கச் சொறியுது. ஜட்ஜ் பேசுனாரு: "இந்தப் பள்ளி... இல்லையென்றால்... நான்... இல்லை." நிறுத்துன எடத்துல எல்லாம் சனம் கை தட்ட, பேச்சவிடக் கைதட்டு நீளமாயிட்டு. வாசலுக்கு ஒரு ஆர்ச் கட்டித் தாரேன்னாரு. டாக்டரம்மா குடிதண்ணி மிசின்னாவ. நடிகர் அழுதாரு, இது நெசமாவே அழுததா, ரெண்டாம் பாதியான்னு யாருக்கும் தெரியல. காசிம் மைதீன் வாலிபால் நெட்டுன்னுட்டு உக்காந்துட்டாரு. ஆர்ச்சும் தண்ணியும் நெட்டும் வந்துட்டு, பிள்ளைதான் பாக்கி.

அதிகாரி எந்திரிச்சு, புதுப் புத்தகப் பையக் கையில எடுத்து, மைக்குல சொன்னாரு. "ஆறாம் வகுப்புக்கு இந்த ஆண்டு புதுசாச் சேருத மாணவன், சுயம்பு. இவன முன்னாலயே தெரிஞ்சவங்க யாரும் இல்லங்கதால, இந்தப் பள்ளிக்கூடத்துல ஆறாம் வகுப்பு தொடந்து நடக்கும்."

கைதட்டுல பந்தல் ஆடுச்சு. டீச்சர் மேடைக் கம்பத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னாவ. முடிஞ்சுது. பை கைக்குப் போயிட்டா முடிஞ்சுது.

"தம்பி, ரெண்டு வார்த்தை பேசு"ன்னாரு அதிகாரி.

சுயம்பு போயி நின்னான். மைக்கு அவன் தலைக்கு மேல ஒரு சாண் ஒசரத்துல நிக்கு. கீழ இருந்து மைக் செட்டுக்காரரு இசக்கிமுத்து மேடைக்கு ஏறி வந்தாரு, கம்பிய இறக்கி விட. இந்த ஆனி ஆடி ஆவணி பூரா வெளியூர்க் கோயில் கொடைகளுக்குக் குழாய் கட்டப் போயிட்டு, நேத்துத்தான் ஊருக்கு வந்தவரு. ஊர்க் கதை ஒண்ணும் தெரியாது, காதுல எப்பவும் சத்தம் நிறைஞ்சு போயி, தன் குரல் எவ்வளவு பெருசுன்னும் அவருக்குத் தெரியாது. திருகாணியத் திருகி, கம்பிய இறக்கி, மைக்கப் பையன் வாய்க்கு நேராத் திருப்பி, முகத்தப் பாத்தாரு. அப்படியே குனிஞ்சபடி நின்னுட்டாரு.

"எய்யா," அப்படின்னான் சுயம்பு, "நீங்க இசக்கிக்கு அப்பாவா?"

குழாய் எல்லாம் அதச் சொல்லுச்சு, பஜார் வரைக்கும். டீச்சர் கம்பத்த விட்டுட்டு, "இசக்கி, இறங்கு, இறங்குய்யா"ன்னு கையக் காட்டிக்கிட்டே வாராவ. அவரு பாக்கல. பையன் தலையில கைய வச்சு, காலரத் தடவிப் பாத்து, மைக்குக்கு நேரா வாய வச்சுக்கிட்டே டீச்சர் பக்கம் திரும்புனாரு.

"இவனப் போயி யாருக்கும் தெரியாதுங்கிய? என் பக்கத்து பெஞ்சு சுயம்பு டீச்சர். வடக்க முறுக்குக் கம்பெனியில எண்ணெச் சட்டிக்கு முன்னால, கைரேகையெல்லாம் வெந்து போயிக் கெடக்கான் இன்னும். பத்தாம் வகுப்புல இவன் பெயிலானா பள்ளிக்கூடத்துக்கு நூத்துக்கு நூறு போயிரும்னு, ஒம்பதுலயே அவன் அம்மாவ வரச்சொல்லி, வாசல்ல வச்சு டீசியக் கையில குடுத்தது நீங்கதான."